எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் போட்டும் ஏன் அரிக்கிறது?

கடலுக்கு அரை கிலோமீட்டரில் வீடு. மொட்டைமாடி அலுமினியக் கைப்பிடிக்கு எஸ்.எஸ். போல்ட் போட்டோம். இரண்டே வருடத்தில் போல்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. மட்டமான போல்டைத் தந்து ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. அரித்தது அலுமினியம்தானே, போல்ட் இல்லையே. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்பு ஈரமும் தங்கினால் அது ஒரு சின்ன பேட்டரி. கடல்நீரில் வரிசை இப்படி: துத்தநாகம், அலுமினியம், இரும்பு, பித்தளை, செம்பு, எஸ்.எஸ். ஜோடியில் முன்னால் இருப்பது கரையும், பின்னால் இருப்பது பிழைக்கும். 304 என்ற சாதாரண எஸ்.எஸ். ரக போல்டை, உப்பை அதிகம் தாங்கும் 316 ரகமாக மாற்றினால் போல்டுக்கு நல்லது. அலுமினியத்துக்கு ஒரு பயனும் இல்லை.

தொடர்பை வெட்ட வேண்டும். பலர் போல்ட் தலைக்கு அடியில் நைலான் வாஷர் போட்டதோடு விட்டுவிடுகிறார்கள். துளைக்குள்ளே போல்டின் தண்டு அலுமினியத்தை உரசிக்கொண்டேதான் இருக்கும்! தண்டுக்கு இறுக்கமான நைலான் புஷ் (குழாய் போன்ற உறை), தலைக்கும் நட்டுக்கும் அடியில் ஒவ்வொரு நைலான் வாஷர், மூன்றும் வேண்டும். பூட்டியதும் ஈரம் இல்லாதபோது மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (மின்தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்து, போல்டையும் அலுமினியத்தையும் தொட்டுப் பாருங்கள். பீப் சத்தம் வரக் கூடாது.

அதற்கு முன் ஒன்று: பூத்த இடத்தைச் சுரண்டிப் பாருங்கள். துளை ஓரம் மெலிந்திருந்தால் அந்தத் துண்டையே மாற்றிவிடுங்கள். குழந்தைகள் சாயும் கைப்பிடி அது.

எஸ்.எஸ். தகட்டை அலுமினிய ரிவெட்டால் அடிக்கலாமா? ரிவெட் விலை குறைவு.

வேண்டவே வேண்டாம். கரையப்போகும் உலோகம் சின்னதாகவும், மற்றது பெரிதாகவும் இருப்பதைவிட மோசமான சேர்க்கை கிடையாது. அத்தனை பெரிய தகடு தூண்டும் அரிப்பு முழுவதும் அந்தச் சின்ன ரிவெட்டின் மேல்தான் விழும்.

இது பழைய பாடம். பிரிட்டிஷ் கடற்படை 1761-ல் ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதிக்கு, மரத்தைத் துளைக்கும் புழுக்களைத் தடுக்கச் செம்புத் தகடு போர்த்தியது. 1763-ல் பரிசோதித்தபோது செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் உளுத்துப்போயிருந்தன. தகடு சுற்றிவந்த பழுப்புக் காகிதம் தற்செயலாக இடையில் சிக்கியிருந்த இடங்களில் ஆணிகள் நன்றாக இருந்தன. ஒரு காகிதம் செய்த வேலை! நைலான் வாஷரின் தாத்தா என்று நான் அதைத்தான் சொல்வேன்.

சரி, உங்கள் வேலைக்கு எஸ்.எஸ். ரிவெட்டே போடுங்கள்.

அரிக்கிற உலோகத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்தால் போதாதா?

அது ஆபத்து. பெயின்டில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் அரிப்பு முழுவதும் அந்தப் புள்ளியில் குவிந்து குழி தோண்டிவிடும். இரண்டுக்கும் அடியுங்கள். ஒன்றுக்குத்தான் முடியும் என்றால் அரிக்காத உலோகத்துக்கு, அதாவது எஸ்.எஸ். பக்கம் அடியுங்கள். கேட்கத் தலைகீழாகத் தோன்றும், ஆனால் அதுதான் சரி.

அலுமினியத்தில் போடும் போல்டுக்கு கிராஃபைட் கிரீஸ் தடவலாமா?

கூடாது. கிராஃபைட்டும் மின்சாரத்தைக் கடத்தும். அந்த வரிசையில் எஸ்.எஸ்.ஸுக்கு அருகில், கடைசியில் வந்து உட்காரும். பென்சில் முனையிலும் கிராஃபைட்தான், அதனால் விமான வேலையில் அலுமினியத் தகட்டில் பென்சிலால் கோடு போடவே விடமாட்டார்கள்.

சோலார் பேனலின் அலுமினியச் சட்டத்துக்குச் செம்புக் கம்பியால் எர்த் கொடுக்கச் சொல்கிறார்கள். இங்கே நைலான் போட முடியாதே?

முடியாது, போடவும் கூடாது. எர்த் உயிர் காக்கும் விஷயம். இங்கே தொடர்பை விட்டுவிட்டு ஈரத்தைத் தடுக்க வேண்டும். வெறும் செம்பை அலுமினியத்தில் நேராக முறுக்காமல், ஈயம் அல்ல, வெள்ளீயம் பூசிய செம்பு லக்கை (கம்பி முனையில் மாட்டும் வளையம்) எஸ்.எஸ். போல்டால் பேனல் கம்பெனி காட்டிய எர்த் துளையில் இறுக்குங்கள். அப்புறம், செம்பில் பட்ட தண்ணீர் அலுமினியத்திலோ ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) ஷீட்டிலோ சொட்டாமல் பாருங்கள். கரைந்துவரும் துளிச் செம்பு போதும், தொடாமலேயே அரிக்க ஆரம்பித்துவிடும். மாடியில் ஏ.சி. செம்புக் குழாய் ஓடும் வீடுகளில் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

வீட்டுக்குள் இருக்கும் அலமாரியில் பித்தளை ஸ்குரூவும் இரும்பும் சேர்ந்திருக்கிறது. மாற்றணுமா?

ஈரம் படாத இடமென்றால் வேண்டாம்.

அலுமினியத்தில் சிக்கிக்கொண்ட எஸ்.எஸ். போல்ட் அசையவே மாட்டேன் என்கிறது.

அலுமினியத்தின் அரிப்புப் பொடி பருத்துப் புரிக்குள் இறுகியிருக்கும். பலம் காட்டினால் தலை முறியும். துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சுற்றியுள்ள அலுமினியத்தை ஹீட் கன்னால் சூடாக்குங்கள். அது எஸ்.எஸ்.ஸைவிட அதிகமாக விரியும். அந்தச் சூட்டிலேயே கால் சுற்று இறுக்கி, கால் சுற்று தளர்த்தி, மெதுவாக எடுங்கள்.