பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு அம்மை

கேள்வி: நாளை மறுநாள் மைசூர் எக்ஸ்பிரஸில் குடும்பத்தோடு கிளம்ப இருந்தோம். இன்று காலை சின்ன மகளுக்கு (வயது 7) உடம்பெல்லாம் நீர்க்கொப்புளம். சின்னம்மைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நீயும் அம்மாவும் இவளைப் பாருங்க, பெரியவளை நான் கூட்டிட்டுப் போறேன், ரூமுக்கு முன்பணம் கட்டியாச்சு" என்கிறார் கணவர். மருந்தே கூடாது என்கிறார் மாமியார். ஐந்து மாத கர்ப்பிணியான நாத்தனார் நேற்றுவரை எங்கள் வீட்டில்தான் இருந்தார். "என்னாலதானே எல்லாம் கெட்டுச்சு" என்று குழந்தை அழுகிறாள். என்ன செய்வது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் வாட்ஸ்அப் வந்த அன்றே பதில் அனுப்பிவிட்டேன். கோடை விடுமுறையில் பல வீடுகளில் இதே நிலைமை என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் நாத்தனாருக்குப் போன் போடுங்கள். டிக்கெட், ரூம் எல்லாம் அப்புறம். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே சின்னம்மை பரவ ஆரம்பித்துவிடும். சிறுவயதில் அவருக்கு அம்மை போட்டிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. போட்டதா என்று தெரியாவிட்டால் இன்றே மகப்பேறு மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இல்லையென்றால் பாதுகாப்புக்குப் போடும் ஊசிக்குக் கெடு உண்டு, தொற்றுப் பட்டதிலிருந்து பத்து நாள்தான். மனசு சங்கடப்படுவாரே என்று சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

அடுத்து பெரியவள். அவளுக்கும் தொற்றியிருந்தால் வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். இன்று துள்ளி விளையாடுகிறவளுக்கு மைசூரில் காய்ச்சல் வரலாம். ரயில் பெட்டியில் கைக்குழந்தையும் இருக்கும், கர்ப்பிணியும் இருப்பார். ஆகவே அவளைக் கூட்டிப் போக வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். சின்னம்மைத் தடுப்பூசி அரசின் இலவசப் பட்டியலில் இல்லை, அதனால் நிறைய பிள்ளைகள் போட்டிருப்பதில்லை. அவளும் போடவில்லை என்றால் டாக்டரிடம் உடனே கேளுங்கள். தொற்றுப் பட்ட மூன்று முதல் ஐந்து நாளுக்குள் போட்டால் பலன் உண்டு.

மாமியாரோடு சண்டை வேண்டாம். வேப்பிலை இருக்கட்டும், இளநீர், மோர், நுங்கு எல்லாம் நல்லதுதான். வலங்கைமான் மாரியம்மனுக்கு அவர் வேண்டிக்கொள்ளட்டும். கொப்புளம் எல்லாம் காய்ந்த பிறகு குழந்தையைக் கோயிலுக்கு அழைத்துப் போகலாம். ஆனால் மருந்து வேண்டாம் என்பதை மட்டும் ஏற்காதீர்கள். காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுங்கள். ஆஸ்பிரினும் இப்யூபுரோஃபெனும் கூடவே கூடாது. மூன்றாம் தண்ணீர் வரை காத்திருக்காமல் தினமும் வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டலாம், அரிப்பு அடங்கும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். நான்கு நாளைத் தாண்டிக் காய்ச்சல், கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வலி, விடாத வாந்தி, மூச்சிரைப்பு, நடை தள்ளாட்டம், எழுப்பினாலும் எழாத மயக்கம் - இதில் ஒன்று தெரிந்தாலும் இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

குழந்தை அழுவதுதான் எனக்கு உறுத்துகிறது. அவள் காதுபட யாரும் பணக் கணக்குப் பேச வேண்டாம். "உன்னால இல்லடா, இது எல்லாருக்கும் வர்றதுதான்" என்று அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும். நீங்கள் நூறு முறை சொல்வதைவிட அவர் ஒரு முறை சொன்னால் அவள் நம்புவாள்.

சரி, டிக்கெட். இன்றே ரத்து செய்யுங்கள். ரயில் புறப்படும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும். ரூமுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்பதைவிட, மருத்துவச் சான்றிதழை அனுப்பித் தேதி மாற்றித் தரச் சொல்லுங்கள், பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். காலாண்டு விடுமுறைக்கு மாற்றினால் தசராவை ஒட்டி மைசூரில் கூட்டம் அதிகம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும், தேதியை இப்போதே குறித்து வையுங்கள்.