கணக்கு நோட்டும் கறவை மாடும்

அன்புள்ள ஐயா,

நான் கட்டுப்பாட்டுப் பொறியியலில் எம்.இ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முனைவர் பட்ட ஆய்வுக்கு, செல்லுக்குள் புதிய மரபணுச் சுற்றுகளைக் கட்டும் செயற்கை உயிரியல் பக்கம் போக விரும்புவதாகச் சொன்னபோது, எங்கள் பேராசிரியர் ஒருவர் "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடும்" என்றார். உயிரியலுக்குள் நுழைந்த பொறியாளர்கள் செல்லை எந்திரம் என்று உவமை சொன்னதற்கு மேல் எதையும் செய்யவில்லை என்பது அவர் எண்ணம். நீங்கள் முன்பு ஒரு கட்டுரையில் முஸ்தஃபா கம்மாஷ் என்ற ஆய்வாளரை ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தீர்கள். அவர் ஏன் துறை மாறினார், மாறியதால் என்ன கிடைத்தது என்று விரிவாக எழுத முடியுமா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று வாசகர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பேராசிரியரின் ஐயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. செல்லைத் தொழிற்சாலை என்றும் டி.என்.ஏ.வை மென்பொருள் என்றும் அழைக்கும் பேச்சுகளைக் கேட்டு நானும் சலித்திருக்கிறேன். ஆனால் கம்மாஷை அந்த வரிசையில் வைக்க முடியாது. அவர் துறை மாறினார் என்று நீங்கள் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. அவர் கையிலிருந்த கேள்வி கடைசிவரை கட்டுப்பாட்டுப் பொறியியலின் கேள்வியாகவே இருந்தது (இடையூறுகளுக்கு நடுவிலும் ஓர் அமைப்பை வேண்டிய நிலையில் நிறுத்துவது எப்படி என்பதுதான் அந்தத் துறை), அதைக் கேட்கும் இடம்தான் மாறியது.

படிப்பு முழுவதும் மின்பொறியியல்: 1986இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம், 1990இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அதே ஆண்டு அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே அவர் எழுதியவை, அமைப்பின் அளவுருக்கள் துல்லியமாகத் தெரியாதபோதும் குலையாத கட்டுப்பாட்டை வடிவமைப்பது பற்றிய கடினமான கணிதக் கட்டுரைகள். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஏம்ஸ் என்ற சிற்றூரில்தான் அமெரிக்க அரசின் தேசிய விலங்கு நோய் மையமும் இருக்கிறது. அங்கே ஜெஸ்ஸி காஃப் என்ற கால்நடை மருத்துவர், கன்று ஈன்ற பசுக்களுக்கு வரும் பால் காய்ச்சலை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மாடு வளர்க்கும் வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்த நோயை விளக்க வேண்டியதில்லை. கன்று ஈன்ற மறுநாள் எங்கள் வீட்டுப் பசு எழ முடியாமல் படுத்து, தலையை விலாப்பக்கம் மடித்து வைத்துக்கொண்டிருந்ததும், தொட்டுப் பார்த்தால் காதுகள் சில்லிட்டிருந்ததும், மருத்துவர் வந்து ஒரு பாட்டில் கால்சியத்தை நரம்பில் மெதுவாக ஏற்றிய சிறிது நேரத்தில் அது தானாக எழுந்து நின்றதும் சிறு வயதில் நான் கண்ட அதிசயம். பெயரில்தான் காய்ச்சல்; உடம்போ குளிர்ந்து போகிறது. காரணம் வெறும் கணக்குதான். பசுவின் ரத்த நீரில் எந்த நேரத்திலும் இருக்கும் கால்சியம் ஏறத்தாழ 3 கிராம்; கன்று ஈன்ற நாளின் சீம்பாலில் வெளியேறுவதோ 20 முதல் 30 கிராம் வரை. அப்படியானால் எல்லாப் பசுக்களும் விழ வேண்டுமே? பெரும்பாலானவை விழுவதில்லை, பால் வற்றும்வரை இந்தச் செலவு நீடித்தாலும், ரத்தக் கால்சியம் பழைய அளவுக்கே திரும்பி அங்கேயே நிற்கிறது.

இந்த இடத்தில் உடலியல் அறிஞர், எந்த ஹார்மோன் எலும்பையும் குடலையும் தூண்டுகிறது என்று கேட்பார். கட்டுப்பாட்டுப் பொறியாளர் கேட்பது வேறு: பழைய அளவுக்குச் சற்றுக் கீழே நின்றுவிடாமல் அதே அளவுக்குத் திரும்புவது எப்படி? பற்றாக்குறைக்கு விகிதமாக மட்டும் எதிர்வினை செய்யும் அமைப்பால் அது முடியாது. பற்றாக்குறை தீர்ந்தால் எதிர்வினையும் தீர்ந்துவிடும் என்பதால், செலவு தொடரும்வரை கொஞ்சம் குறை எஞ்சியே தீரும். குறையைச் சேர்த்துவைத்து நினைவில் கொள்ளும் ஓர் உறுப்பு வேண்டும். மளிகைக்கடைக்காரரின் கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றாடம் விழும் பாக்கி அதில் ஏறிக்கொண்டே போகிறது. பாக்கி விழுவது நின்ற நாளிலும் நோட்டில் உள்ள மொத்தம் அழிவதில்லை, அந்த மொத்தத்தைப் பார்த்துத்தான் கடைக்காரர் நடந்துகொள்கிறார். இதுவே நீங்கள் பாடத்தில் படித்த தொகையீட்டுக் கட்டுப்பாடு. விளைவை அளந்து அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்வதுதான் பின்னூட்டம்; நிலையான இடையூறை முற்றிலும் வெல்லும் பின்னூட்டத்திற்குள் இப்படியொரு நோட்டு இருந்தே ஆக வேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டாளர்கள் ஃபிரான்சிஸ், வான்ஹாம் இருவரும் 1976இல் நிறுவியிருந்தார்கள்.

கம்மாஷும் அவருடைய மாணவி ஹனா எல்-சமதும் காஃபும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரை, பசுவின் உடம்பில் அந்த நோட்டு எது என்று தேடியது. பாராதைராய்டு ஹார்மோன் அப்போதைய குறைக்கு விகிதமாக உடனே சுரக்கிறது. அது சிறுநீரகத்தைத் தூண்டி உருவாக்கும் கால்சிட்ரியால், அதாவது வைட்டமின் டி-யின் செயல்படும் வடிவம், மெதுவாகச் சேர்ந்து குறையின் மொத்தத்தைக் காட்டுகிறது என்பது அவர்களின் மாதிரி. ஆலைகளில் கொதிகலனைக் கட்டுப்படுத்தும் விகித-தொகையீட்டுக் கருவி இரண்டு ஹார்மோன்களாகப் பிரிந்து பசுவுக்குள் இருக்கிறது என்றால், நோய் என்பது அந்தக் கருவி முறிவது. உங்கள் பேராசிரியர் உவமை என்று ஒதுக்கியது இங்கே தேட வேண்டிய இடத்தைச் சுட்டும் விதியாகிவிட்டது. பாக்டீரியா உணவை நோக்கி நீந்தும் முறையில் இதே தொகையீடு ஒளிந்திருப்பதைக் கட்டுப்பாட்டுப் பொறியாளர் ஜான் டாயிலும் சக ஆய்வாளர்களும் 2000இலேயே காட்டியிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்மாஷ் தனியாளாக வந்தவர் அல்லர்.

இருப்பதைக் கண்டுபிடிப்பது ஒன்று, இல்லாததைக் கட்டுவது வேறொன்று. 2002இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகத்துக்கும் 2011இல் சுவிட்சர்லாந்தின் ஈ.டி.எச். சூரிக் பல்கலைக்கழகத்தின் பாசெல் வளாகத்துக்கும் இடம்பெயர்ந்த அவர், எல்-சமத் உள்ளிட்ட கூட்டாளிகளுடன் முதலில் பாதுகாப்பான வழியில் போனார்: ஈஸ்ட் செல்களில் ஒரு மரபணுவின் வெளிப்பாட்டை அளந்து, கணினியில் கணக்கிட்டு, சிவப்பு ஒளியாலும் நெடுஞ்சிவப்பு ஒளியாலும் அதைக் கூட்டிக் குறைத்தார்கள். நோட்டு இன்னும் செல்லுக்கு வெளியேதான் இருந்தது.

செல்லுக்குள் கொண்டுபோவதில் தடை, கேட்டால் சிரிப்பு வரும் அளவுக்கு எளியது: அங்கே கழித்தல் கிடையாது. மூலக்கூறின் எண்ணிக்கை பூஜ்யத்துக்குக் கீழே போகாது. இலக்கிலிருந்து அளவீட்டைக் கழித்தால்தானே பிழை கிடைக்கும்? கொரெண்டின் பிரியா, அங்கித் குப்தா இருவருடன் 2016இல் கம்மாஷ் தந்த விடை, நம் கணக்குப்பிள்ளைகளுக்குப் பழகியதுதான். வரவு மூலக்கூறு ஒன்று, பற்று மூலக்கூறு ஒன்று. முதலாவது மாறா வேகத்தில் உருவாகும், அதுவே இலக்கு. இரண்டாவது, கட்டுப்படுத்த வேண்டிய பொருளின் அளவுக்கேற்ற வேகத்தில் உருவாகும். இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று தீர்த்துவிடும். தீராமல் எஞ்சும் வரவுதான் அந்தப் பொருளின் உற்பத்தியைத் தூண்டும். இரண்டின் வேறுபாடு மாறும் வேகத்தைச் சமன்பாடாக எழுதிப் பாருங்கள்: சந்திப்பு பற்றிய உறுப்பு ரத்தாகி, மிஞ்சுவது பிழையின் தொகையீடு மட்டுமே. ஒரு செல்லில் சில மூலக்கூறுகளே இருக்கும்போது தற்செயலே ஆட்சி செய்கிறது. அந்த இரைச்சலிலும் சராசரி இலக்கில் நிற்கும் என்பதுதான் கட்டுரையின் கணித வலிமை. 2019இல் இதை ஈ.கோலை பாக்டீரியாவில் கட்டிக் காட்டினார்கள். வரவாக ஒரு சிக்மா காரணி (பாக்டீரியாவில் மரபணு படிக்கப்படுவதைத் தொடங்கிவைக்கும் புரதம்), பற்றாக அதைப் பிடித்து முடக்கும் எதிர்ச் சிக்மா காரணி. 2022இல் பாலூட்டி செல்களிலும் செய்தார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. வளரும் செல் பிளவுபடும்போது அதன் உள்ளடக்கம் நீர்த்துப்போகிறது. வசதியான சூழலில் ஈ.கோலை 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். நோட்டின் பக்கங்கள் தானாகக் கிழிந்துகொண்டே இருப்பதுபோல, தொகையீடு கசிகிறது. இதைச் சமாளிக்க டோமிட்டில்லா டெல் வெக்கியோ போன்றோர் வேறு வடிவங்களை முன்வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்துவிடவில்லை, உங்களைப் போன்றவருக்கு அங்கே இடம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உயிரியல் பாடப்புத்தகத்தை வாங்கும் முன், அந்தப் பசுக் கட்டுரையின் சமன்பாடுகளைக் கணினியில் ஓட்டிப் பாருங்கள். கன்று ஈனும் நாளில் கால்சியச் செலவை உயர்த்துங்கள். ஒருமுறை கால்சிட்ரியால் உறுப்போடும், ஒருமுறை அதை நீக்கியும். இரண்டு வரைபடங்களையும் உங்கள் பேராசிரியர் மேசையில் வைத்துவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.