காடிலாக் வாங்கியவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

டெக்சாஸில், டாலஸ் நகருக்கு அருகே ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எனக்குக் கீழே வேலை செய்யும் இளைஞர்கள் சிலர், வாடகைக்கே திண்டாடும் மாதத்திலும் 300 டாலருக்குக் காலணி வாங்குகிறார்கள். ஏழாண்டுத் தவணையில் பெரிய கார் எடுக்கிறார்கள். பல மடங்கு சம்பளம் பெறும் எங்கள் மேலாளரோ வெளுத்த சட்டையோடு பழைய காரில் வருகிறார். இதைப் பணத்தை ஆளத் தெரியாத அறியாமை என்று கொள்ளலாமா? அவர்களுக்கு நான் புத்தி சொல்வது சரியா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அறியாமை என்ற விளக்கம் சொல்பவருக்கு மிகவும் வசதியானது. எனக்கு அதன்மேல் ஐயம் வருவதும் அதனால்தான். டெரெக் ரக்கர், ஆடம் கலின்ஸ்கி என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட சோதனைகளில், பிறருடைய அதிகாரத்துக்குத் தாம் உட்பட்டிருந்த ஒரு தருணத்தை நினைவுகூர்ந்தவர்கள், அதிகாரம் செலுத்திய தருணத்தை நினைவுகூர்ந்தவர்களைவிட, அந்தஸ்தைக் காட்டும் பொருள்களுக்குக் கூடுதல் விலை தர முன்வந்தார்கள். அந்தஸ்தோடு தொடர்பற்ற பொருள்களுக்கு அப்படி முன்வரவில்லை. ஒரு நினைவுக்கே இவ்வளவு விளைவு என்றால், நாள் முழுவதும் ஒருவர் வேலை வேகத்தை இன்னொருவர் அளந்துகொண்டிருக்கும் இடத்தைப் பற்றி நீங்களே ஊகிக்கலாம். சோதனைக்கூடத்தில் கண்டதை வாழ்க்கைக்கு அப்படியே நீட்டிவிடக் கூடாது என்பதும் உண்மைதான்; ஆகவே வரலாற்றுக்கு வருகிறேன்.

கறுப்பின வாசகர்களுக்காகச் சிகாகோவிலிருந்து வெளிவந்த ‘எபனி’ மாத இதழ், கறுப்பர்கள் ஏன் காடிலாக் கார் வாங்குகிறார்கள் என்று 1949 செப்டம்பரில் ஒரு தலையங்கம் எழுதியது. நாட்டின் மிக விலையுயர்ந்த காரை வாங்க முடிவது, தான் எந்த வெள்ளையருக்கும் தாழ்ந்தவனல்ல என்பதற்குக் கண்கூடான சான்று என்பதே அதன் வாதம். அந்தப் பணத்தில் வீடு வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்கள் அன்றைய நிலவரத்தை மறந்துவிடுகிறார்கள். 1934இல் அமைக்கப்பட்ட கூட்டரசின் வீட்டுவசதி நிர்வாகம், கறுப்பர்கள் வாழும் பகுதிகளில் வீட்டுக்கடனுக்குக் காப்புறுதி தரப் பெரும்பாலும் மறுத்தது. கறுப்பருக்கு விற்கலாகாது என்று வீட்டுப் பத்திரங்களில் எழுதப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே 1948இல்தான். தென்மாநிலப் பேருந்துகளில் பின்னிருக்கைக்குத் துரத்தப்பட்டவருக்குச் சொந்தக் கார் என்பது அந்த இழிவிலிருந்து நேரடியான விடுதலையாகவும் இருந்தது. இத்தனை வாசல்களும் அடைக்கப்பட்ட பணம் காருக்குப் போனதில் எந்த அறியாமையும் எனக்குத் தெரியவில்லை.

கெர்வின் சார்ல்ஸும் இரு பொருளியலாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே வருமான நிலையில் கறுப்பினக் குடும்பங்கள் உடை, நகை, கார் ஆகியவற்றுக்குக் கூடுதல் பங்கைச் செலவிடுவதைக் கண்டு, அதற்கு இனத்தின் இயல்பைக் காரணமாகச் சொல்லாமல், சுற்றியிருக்கும் தம் மக்களின் வருமானம் குறைவாக இருப்பதைச் சொன்னது. ஏழை என்று எண்ணப்படும் கூட்டத்தில் ஒருவர் தாம் அப்படியல்ல என்று காட்ட வேண்டியிருக்கிறது. வருமானம் குறைந்த மாநிலங்களில் வாழும் வெள்ளையரிடமும் இதே போக்கு தென்பட்டது.

உங்கள் மேலாளரின் வெளுத்த சட்டையை எளிமை என்று வியக்க எனக்கு மனம் வரவில்லை. கடைக்குள் நுழையும்போது காவலாளி அவரைப் பின்தொடர்வதில்லை. வங்கியில் அவரை யாரும் ஐயத்தோடு பார்ப்பதில்லை. அத்தகையவர்களின் அந்தஸ்துச் செலவு நல்ல அரசுப் பள்ளிகள் உள்ள வட்டாரத்தில் எடுக்கும் வீட்டிலும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்திலும் நடக்கிறது. அது கிடங்கின் வாகன நிறுத்தத்தில் தெரியாது, அவ்வளவுதான்.

இதனால் அந்த ஏழாண்டுக் கடன் நல்ல கடனாகிவிடாது. காலணியைப் பற்றிப் பேசாதீர்கள். அது அவர்கள் பாடு. கார்க் கடனைப் பற்றிப் பேசுங்கள். அமெரிக்காவில் கார் விற்பவரே கடனையும் ஏற்பாடு செய்யும்போது, கடன் தரும் நிறுவனம் சொன்ன வட்டிக்கு மேல் அவர் தமக்கென்று ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்வது வழக்கம் என்பதும், அதைப் பேரம் பேசிக் குறைக்கலாம் என்பதும், கடன் கூட்டுறவுச் சங்கத்தில் முன்னதாகவே ஒரு வட்டி விகிதத்தை எழுதி வாங்கிக்கொண்டு போகலாம் என்பதும் வாங்குபவர்களில் பலருக்குத் தெரிவதில்லை.