க்ரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யவில்லையா? முதலில் பெடல் பக்கம் குனிந்து பாருங்கள்

கேள்வி: 2013 மாடல் பெட்ரோல் செடான் வைத்திருக்கிறேன். மேனுவல் கியர், ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே ஒரே வேகத்தில் ஓடவைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் சில மாதங்களாகத் தகராறு செய்கிறது. பட்டனை அழுத்தினால் ‘க்ரூஸ்’ என்ற பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் ‘செட்’ பெரும்பாலும் எடுபடுவதில்லை. எப்போதாவது பிடித்தாலும், பாலத்தின் இணைப்பில் வண்டி குலுங்கியதும் விட்டுவிடுகிறது. பிரேக் விளக்கு எரிகிறது, ஹாரனும் ஒலிக்கிறது. க்ரூஸுக்காக த்ராட்டிலை இயக்கும் ஆக்சுவேட்டர் போய்விட்டது, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யூ.வையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். பானெட்டைத் திறந்து, ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து எஞ்சினுக்குக் கேபிள் வருகிறதா என்று பாருங்கள். உங்கள் காரின் வயதுக்கு அநேகமாக இருக்காது. இத்தகைய கார்களில் த்ராட்டிலை, அதாவது எஞ்சினுக்குக் காற்று போகும் வாசலை, ஒரு சிறு மோட்டார்தான் திறந்து மூடுகிறது; க்ரூஸும் அதே மோட்டாரைத்தான் பயன்படுத்துகிறது. தனி ஆக்சுவேட்டர் என்று ஒன்று கிடையாது. அந்த மோட்டார் பழுதானால் எஞ்சின் விளக்கு எரிந்து, வண்டியே இழுக்காமல் திணறும். கேபிளும், காற்றின் உறிஞ்சலால் அசையும் வேக்குவம் டயாஃப்ரமும் இருந்த தொண்ணூறுகளின் கார்களில்தான் ஆக்சுவேட்டர் பேச்சுக்கு இடமுண்டு. அவற்றிலும் பாதி நேரம் வெடித்துப்போன ரப்பர் குழாய்தான் குற்றவாளி.

க்ரூஸ் கன்ட்ரோல் சந்தேகப் பிராணி. வேகம் ஏறக்குறைய 40 கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் பிடிக்காது. பிரேக்கையோ கிளட்சையோ தொட்டதாகத் தோன்றினால் விட்டுவிடும். பல கார்களில் எஞ்சின் விளக்கோ ஏ.பி.எஸ். விளக்கோ எரிந்தாலே வேலைக்கு வர மறுக்கும். உங்கள் காரில் பச்சை விளக்கு வருகிறது. ஆகவே பட்டனின் செய்தி இ.சி.யூ.வுக்குப் போய்ச் சேருகிறது. ஹாரனும் ஒழுங்காக ஒலிப்பதால், ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் ஒயர் பட்டையான கிளாக் ஸ்பிரிங்கின் மீதும் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. அது அறுந்தால் வழக்கமாக ஹாரன் விட்டுவிட்டு ஒலிக்கும், ஏர்பேக் விளக்கும் எரியும். குலுங்கியதும் விட்டுவிடுகிறது என்கிறீர்களே, அதுதான் எனக்கு முக்கியமான தடயம். குலுக்கலில் பெடல் ஒரு மயிரிழை அசைகிறது. அதை நீங்கள் பிரேக் அல்லது கிளட்ச் மிதித்ததாக இ.சி.யூ. எடுத்துக்கொள்கிறது.

பிரேக் விளக்கு எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சரியாக அணைகிறதா என்று எழுதவில்லை. இருட்டிய பிறகு காரின் பின்பக்கத்தைச் சுவருக்கு அருகே நிறுத்தி, முகப்பு விளக்குகளை அணைத்துவிட்டு, பெடலைக் கையால் மெல்ல அழுத்தி விடுங்கள். சுவரில் சிவப்பு சட்டென்று வந்து சட்டென்று மறைய வேண்டும். மறையத் தாமதித்தாலோ, பெடலை மேல்நோக்கித் தூக்கினால்தான் அணைந்தாலோ, பெடல் மிதிபடுவதை உணரும் பிரேக் சுவிட்சின் இடைவெளி தவறியிருக்கிறது. டார்ச்சுடன் குனிந்து, பெடல் தண்டின் மேல்பகுதியில் சுவிட்சின் முனை எதில் முட்டுகிறது என்றும் பாருங்கள். ஜப்பானிய, கொரியக் கார்கள் பலவற்றில் அந்த இடத்தில் கட்டைவிரல் நகமளவு பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பொத்தான் ஒன்று இருக்கும். வருஷக்கணக்கான வெயிலில் அது மொரமொரத்து உதிர்ந்துவிடும். கால்மிதியில் பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தால் கூட்டித் தள்ளிவிடாதீர்கள், அவைதான் சாட்சி. பொத்தானுக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை.

விளக்கு ஒழுங்காக எரிந்து அணைந்தாலும் சுவிட்ச் நல்லது என்று முடிவு கட்டிவிட முடியாது. அநேக மெக்கானிக்குகள் சறுக்கும் இடம் இதுதான். பிரேக் சுவிட்சுக்குள் இரண்டு தொடர்புகள் உண்டு: ஒன்று மிதித்தால் சேரும், விளக்குக்கானது, மற்றொன்று மிதித்தால் பிரியும், க்ரூஸுக்கானது. இரண்டும் சொல்வது ஒத்துப்போகாவிட்டால் இ.சி.யூ. க்ரூஸைப் பூட்டிவிடும். விளக்கு முதல் தொடர்பைப் பற்றி மட்டுமே பேசும். இரண்டாவதைப் பார்க்க காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனரில், அந்தந்த நொடியின் நிலையைக் காட்டும் லைவ் டேட்டாவைத் திறந்து, பெடலைத் தொட்டும் விட்டும் இரண்டு தொடர்புகளுக்கான வரிகளும் ஒரே நேரத்தில் மாறுகின்றனவா என்று கவனிக்க வேண்டும். இ.சி.யூ. சேமித்து வைத்திருக்கும் பழுதுக் குறியீடுகளில் பி0571 அல்லது பி0504 இருந்தால் பிரேக் சுவிட்ச். பி0564 என்றால் ஸ்டீயரிங் பட்டன்களின் பக்கம் திரும்புங்கள். சில கார்களில் இரண்டாவது தொடர்புக்குத் தனி ஃபியூஸ் உண்டு, அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கிளட்ச் பெடலுக்கும் இதே பரிசோதனைதான். அங்கே இரண்டு சுவிட்சுகள் இருக்கலாம்: முழுக்க மிதித்தால் அழுந்துவது ஸ்டார்ட் செய்வதற்கு, பெடல் மேலே வந்து நிற்கும் இடத்தில் இருப்பது க்ரூஸுக்கு. இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள்: ஓட்டும்போது இடது காலைக் கிளட்ச் மீதே வைத்திருப்பவரா நீங்கள்? அந்த லேசான பாரமே போதும், க்ரூஸ் பிடிக்காது. கிளட்ச் பிளேட்டுக்கும் நல்லதல்ல.

சுவிட்சை மாற்றினால் இடைவெளியை ஒழுங்காக வைக்க வேண்டும். மரை வைத்த சுவிட்சில் லாக் நட்டைத் தளர்த்திச் சரிசெய்யலாம். தானே இடைவெளியை அமைத்துக்கொள்ளும் சில வகைகளை ஒருமுறை கழற்றினால் மறுபடி மாட்டக் கூடாது, புதிதுதான் போட வேண்டும். எவராவது ‘ஒரு ஒயரை இணைத்துவிட்டால் போதும் சார்’ என்று சுவிட்சை பைபாஸ் செய்ய முன்வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பிரேக்கைத் தொட்டால் க்ரூஸ் விடவேண்டும் என்பதற்கான காவலே அதுதான். ஸ்டீயரிங் பட்டன்களைக் கழற்றும் நிலை வந்தாலும் நீங்களாக இறங்க வேண்டாம்; அங்கே ஏர்பேக் இருக்கிறது.

வேலை முடிந்ததும் வெறிச்சோடிய சாலையில் 60 கிலோமீட்டரில் ‘செட்’ செய்து, பிரேக்கை விரலால் தட்டுவதுபோல் தொடுங்கள்; உடனே விட வேண்டும். மறுபடி செட் செய்து, கிளட்சில் தனியாகப் பாருங்கள். இரண்டிலும் தேறினால் அதே பாலத்தின் மீது ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு மெக்கானிக்குக்குப் பணம் கொடுங்கள்.