கோட்டைப் பார்க்காதீர்கள், மட்டத்தைப் பாருங்கள்

கேள்வி: வெள்ள அபாய வரைபடத்தில் எங்கள் மனை கோட்டுக்கு உள்ளே வருகிறது, ஒட்டியுள்ள மனை வெளியே. தரையோ இரண்டிலும் ஒரே உயரம் போலத்தான் தெரிகிறது. எதை வைத்துக் கோடு போடுகிறார்கள்? திருத்த முடியுமா?

பதில்: அந்த இடத்துக்கு வெள்ள மட்டம் எத்தனை மீட்டர் என்று குறித்திருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். மட்டம் வந்த பிறகுதான் கோடு வருகிறது.

ஆற்றில் பல்லாண்டுகளாக அளந்த நீரோட்டப் பதிவுகளை வைத்து, எந்த ஓர் ஆண்டிலும் 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளத்தில் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் ஓடும் என்று கணக்கிடுவார்கள். பதிவே இல்லாத ஓடை என்றால் மழையளவும் நீர்ப்பிடிப்புப் பரப்பும்தான் துணை. பிறகு ஆற்றைக் குறுக்கே பல இடங்களில் அளந்து, கரைப் புதர் தண்ணீரை எவ்வளவு தடுக்கும், பாலத்தடியில் எவ்வளவு எதிர்த்துத் தேங்கும் என்பதையும் சேர்த்து, ஹெக்-ராஸ் போன்ற மென்பொருளில் ஓட விடுவார்கள். ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் ஒரு நீர்மட்டம் கிடைக்கும். அது தரையைத் தொடும் புள்ளிகளை இணைத்தால் உங்கள் கோடு.

கோளாறு பெரும்பாலும் இந்தக் கடைசி வேலையில்தான். 200-க்கு 1 சரிவுள்ள தரையில், உயரம் 30 செ.மீ. பிசகினால் கோடு 60 மீட்டர் நகர்ந்துவிடும். 5 மீட்டர் இடைவெளிச் சமஉயரக் கோடுகளை நம்பி வரைந்த பழைய வரைபடம் தனி மனைக்கு உதவாது. விமானத்திலிருந்து லேசர் ஒளி பாய்ச்சித் தரை உயரத்தை அளக்கும் லைடார் அளவை பரவாயில்லை. அதிலும் அடர்ந்த புதரின் தலையைத் தரையென்று எடுத்துக்கொள்ளும் தவறு உண்டு.

திருத்தம் கேட்க, சர்வேயரை வைத்து வீட்டுச் சுவரைத் தொடும் தரையின் மிகத் தாழ்ந்த புள்ளியை அளக்கச் சொல்லுங்கள். முன்வாசல் மேடாக இருந்து, கொல்லைப்புற மூலை தாழ்ந்திருந்தால், மூலைதான் கணக்கு; அது வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இன்னொன்று: வரைபடமும் அளவையும் ஒரே உயர ஆதாரத்தில், அதாவது உயரத்தை ஒரே சுழிய மட்டத்திலிருந்து எண்ணுவதாக, இருக்க வேண்டும். பழைய பெஞ்ச்மார்க்கில் (உயரம் குறித்த நிலையான அடையாளத்தில்) அளந்து புது வரைபடத்தோடு ஒப்பிட்டால், இல்லாத உயரம் இருப்பதாகத் தெரியலாம். அதிகாரி திருப்பி அனுப்பிவிடுவார்.

கேள்வி: மண் அடித்து மேடாக்கிவிட்டால் அனுமதி கிடைக்குமா?

பதில்: மனை எந்தப் பகுதியில் என்பதைப் பொறுத்தது. பல நாடுகளில் வெள்ளச் சமவெளியை இரண்டாகப் பிரிக்கிறார்கள். தண்ணீர் வேகமாக ஓடும் நடுப்பகுதியில் மண், மதில் எதற்கும் இடம் கொடுப்பது அரிது. ஓரப்பகுதியில் தரைத்தளம் வெள்ள மட்டத்துக்கு மேல், கூடுதலாகக் கொஞ்சம் உயரம் விட்டு, கட்டச் சொல்வார்கள். ஓரம் முழுவதையும் நிரப்பினாலும் மட்டம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏறக் கூடாது என்று கணக்கிட்டுத்தான் நடுப்பகுதியின் எல்லையை வைக்கிறார்கள். அமெரிக்காவில் அந்த வரம்பு 1 அடி. நீங்கள் 100 கன மீட்டர் மண் கொட்டினால் அவ்வளவு தண்ணீர் வேறெங்காவது போக வேண்டுமே! அதனால் சில ஊராட்சிகள் அருகிலேயே அதே உயரத்தில் அதே கொள்ளளவைத் தோண்டித் தரச் சொல்கின்றன. ஆழக் குழி தோண்டிக் காட்டினால் செல்லாது. வெள்ளம் உச்சத்தைத் தொடும் முன்பே அது நிரம்பியிருக்கும்.

கேள்வி: நூறாண்டு வெள்ளம் போன வருடம் வந்துபோனது. இனி நம் காலத்தில் வராதுதானே?

பதில்: நூறாண்டு வெள்ளம் என்பது எந்த ஓர் ஆண்டிலும் 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம்தான்; அடுத்த வருடமும் அதே 1 சதவீதம்தான். 30 வருடத்தில் ஒருமுறையாவது வர 26 சதவீத வாய்ப்பு.