வரலாற்று பேஸ்பால் சிமுலேஷன் லீக்கில் மைனர் லீக் வீரர்களை எதை வைத்து எடைபோடுவது?

பழைய காலத்து உண்மையான வீரர்களை வைத்துக் கணினியில் நடத்தும் வரலாற்று லீக் ஒன்று 1987-ஆம் ஆண்டில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் உங்களிடம் இரண்டு மைனர் லீக் (மேஜர் லீக்குக்குக் கீழ்நிலை) வீரர்கள் இருப்பதாகச் சொல்கிறீர்கள். ஒருவர் 26 வயதான முதல் பேஸ் ஆட்டக்காரர். மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழான ட்ரிபிள்-ஏ நிலையில், ஆல்புகெர்க்கியில் ஹோம் ரன்களை அடித்துக் குவிக்கிறார். மற்றவர் 19 வயதான ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே களம் காப்பவர்). டபுள்-ஏவுக்கும் கீழான சிங்கிள்-ஏ நிலையில், மிட்வெஸ்ட் லீக்கில் .255 மட்டைச் சராசரியோடு திணறுகிறார். இவர்களில் யாரை வைத்துக்கொள்வது, பொதுவாக இத்தகைய வீரர்களை எப்படி மதிப்பிடுவது என்பது உங்கள் கேள்வி. அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால் என்ற கணினி விளையாட்டில் நெடுங்காலமாக இத்தகைய லீக்குகளை நடத்தி வருகிறேன். நான் முதலில் பார்ப்பது வயது, ஆடும் லீக்கின் நிலை, ஆடும் மைதானம் ஆகிய மூன்றையும்தான். இவற்றைப் பார்த்த பிறகே புள்ளிவிவரத்துக்கும், அதன் பிறகே அந்த வீரரைப் பற்றி நமக்குத் தெரிந்த வரலாற்றுக்கும் வருகிறேன்.

அதற்கும் முன்னால் உங்கள் லீக்கின் அமைப்பை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் வீரரின் ரேட்டிங்கை (திறன் மதிப்பெண்ணை) அவருடைய உண்மையான புள்ளிவிவரத்திலிருந்து புதிதாகக் கணக்கிடும்படி வைத்திருந்தால், வரலாறு தெரிந்தவருக்கு மதிப்பீட்டு வேலையே பெரிதாக இல்லை. யார் எந்த ஆண்டில் மேலே வருவார் என்ற கால நேரத்தை மட்டும் கவனித்தால் போதும். வீரர்களின் திறனைத் தானே கூட்டிக் குறைக்கும் விளையாட்டின் வளர்ச்சி இயந்திரத்திடமே விட்டிருந்தால் கதை முற்றிலும் வேறு. உண்மையான வீரர் தன் பெயரோடும் தொடக்கத் திறனோடும் உள்ளே வருகிறார். அதன் பிறகு அவருடைய பாதை அவருடையது. 1966 டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) மெட்ஸ் அணி முதலாவதாக எடுத்த ஸ்டீவ் சில்காட் மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. அடுத்த இடத்தில் ஏ'ஸ் அணி எடுத்தவர் ரெஜி ஜாக்சன். வளர்ச்சி இயந்திரம் இயங்கும் லீக்கில் இந்த இருவரின் விதியும் இடம் மாறலாம். பெயரைப் பார்த்து விலை கொடுப்பவர்கள் உங்கள் லீக்கில் இருந்தால், அது நீங்கள் விற்பதற்கான வாய்ப்பு. வாங்குவதற்கான காரணம் ஆகாது.

இனி வயதுக்கு வருவோம். உங்கள் லீக் நடக்கும் அதே 1987-இல், டெட்ராய்ட் அணியின் டபுள்-ஏ கிளையான கிளென்ஸ் ஃபால்ஸில் 20 வயது இளம் பந்துவீச்சாளர் ஒருவர் 4 வெற்றி, 10 தோல்வி, 5.68 இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன்களின் சராசரி; குறைந்தால் நல்லது) என்ற கணக்கோடு இருந்தார். அந்த ஆகஸ்ட் மாதம் டெட்ராய்ட் அவரை அட்லாண்டாவுக்குக் கொடுத்துவிட்டு, அனுபவசாலியான டாயில் அலெக்சாண்டரை வாங்கியது. அலெக்சாண்டர் எஞ்சிய பருவத்தில் 9 வெற்றிகளை ஈட்டி, ஒன்றில்கூடத் தோற்காமல் அணியைப் பிரிவுச் சாம்பியனாக்கினார்; அந்த வகையில் டெட்ராய்ட் கேட்டது கிடைத்தது. ஆனால் கொடுத்த இளைஞரின் பெயர் ஜான் ஸ்மோல்ட்ஸ். அவர் 1996-இல் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது பெற்றார். 2015-இல் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழைந்தார். தன்னைவிட மூத்தவர்கள் நிறைந்த நிலையில் 20 வயதில் ஆடியவர் என்பதை மறந்துவிட்டு அந்த 5.68-ஐ மட்டும் படித்தால் எதுவும் புரியாது. ராபர்ட்டோ கிளெமென்ட்டே 1954-இல் ட்ரிபிள்-ஏ மான்ட்ரியலில் .257 அடித்ததும் 2 ஹோம் ரன்களோடு நின்றதும் இதே வகைதான். பருவத்தின் பெரும்பகுதியில் அவருக்கு வயது 19, களமிறங்கும் வாய்ப்புகளும் குறைவு. பிட்ஸ்பர்க் அவரை 4,000 டாலருக்கு டிராஃப்ட் செய்து எடுத்துக்கொண்டது. அதே 1954-இல் ராஸ்வெல் அணியின் ஜோ பாமன் ஒரே பருவத்தில் 72 ஹோம் ரன்கள் அடித்தார். ஆனால் அது அன்றைய கீழ்நிலைகளில் ஒன்றான கிளாஸ் சி லீக், அவருக்கு வயது 32. அவர் மேஜர் லீக்கை எட்டவே இல்லை.

மைதானத்தின் விஷயத்தில் உங்கள் முதல் பேஸ் வீரரே நல்ல உதாரணம். ஆல்புகெர்க்கி கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,000 அடி உயரத்தில் இருக்கும் ஊர். அங்குள்ள மெல்லிய காற்றில் பந்து கூடுதல் தூரம் பறக்கும். ஆல்புகெர்க்கி அணி ஆடும் பசிபிக் கோஸ்ட் லீக்கின் வேறு சில மைதானங்களும் மட்டையாளருக்குச் சாதகமானவையே. 1982-இல் டாட்ஜர்ஸ் அணியின் கிரெக் பிராக் அங்கே .310 சராசரியோடு 44 ஹோம் ரன்களும் 138 ஆர்.பி.ஐ.யும் (அவர் மட்டையால் அணிக்கு வந்த ரன்கள்) குவித்தார். மறு ஆண்டு ஸ்டீவ் கார்வி விட்டுச்சென்ற முதல் பேஸ் இடத்தில் அவரையே இறக்கினார்கள்; கிடைத்தது .224 சராசரியும் 20 ஹோம் ரன்களும். பிராக் மோசமான ஆட்டக்காரர் என்று நான் சொல்லவில்லை. 25 வயதில் அந்த மைதானத்தில் எடுத்த 44 என்ற எண்ணை அப்படியே மேஜர் லீக்குக்கு எடுத்துச்செல்ல முடியாது என்பதுதான் விஷயம்.

இதன் மறுபக்கத்தை ஜெஃப் பாக்வெல்லிடம் பார்க்கலாம். மைனர் லீக் பதிவு ஒன்றைப் படித்துப் பழக வேண்டுமென்றால் அவருடைய 1990-ஆம் ஆண்டுப் பதிவையே நான் பரிந்துரைப்பேன். பாஸ்டனின் டபுள்-ஏ கிளையான நியூ பிரிட்டனில், 22 வயதில், அவர் .333 அடித்தார்; ஆனால் ஹோம் ரன்கள் வெறும் 4. மூன்றாவது பேஸில் ஆடுபவர், 4 ஹோம் ரன்கள் என்றால் பலரும் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். ஆனால் அதே வரியில் 34 டபுள்கள் (இரண்டாவது பேஸ்வரை ஓடவைத்த அடிகள்) இருக்கின்றன. ஸ்ட்ரைக்அவுட்டைவிட (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது) வாக் (நான்கு தவறான பந்துகளால் இலவசமாக முதல் பேஸுக்குப் போவது) எண்ணிக்கை அதிகமாக இருக்கிறது. நியூ பிரிட்டன் மைதானமோ ஹோம் ரன் அடிப்பவர்களைச் சோதிக்கும் இடம். பந்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, பலமாக அடித்து, வேலியைத் தாண்டவைக்க முடியாமல் இடைவெளிகளுக்குள் அனுப்பிக்கொண்டிருந்த ஓர் இளைஞரின் பதிவு அது. பாஸ்டனில் மூன்றாவது பேஸை வேட் பாக்ஸ் பிடித்து வைத்திருந்ததால், அந்த ஆகஸ்ட் இறுதியில் லாரி ஆண்டர்சன் என்ற ரிலீஃப் (ஆட்டத்தின் இடையில் வந்து வீசும்) பந்துவீச்சாளருக்கு ஈடாக அவரை ஹூஸ்டனுக்குக் கொடுத்தார்கள். ஆண்டர்சன் பாஸ்டனுக்காக 1.23 இ.ஆர்.ஏ.யோடு நன்றாகவே வீசினார். பருவம் முடிந்ததும் வேறு அணிக்குப் போய்விட்டார். பாக்வெல் அடுத்த ஆண்டே சிறந்த புதுமுக வீரர் விருது பெற்றார். ஓய்வு பெறும்போது 449 ஹோம் ரன்கள் அடித்திருந்தார். சிமுலேஷனில் இத்தகைய வீரரின் பக்கத்தில் கேப் ரேட்டிங்கும் (இடைவெளிகளுக்குள் அடிக்கும் திறன்) ஐ ரேட்டிங்கும் (பந்தைத் தேர்ந்தெடுக்கும் திறன்) உயர்ந்து, பவர் (ஹோம் ரன் அடிக்கும் திறன்) மட்டும் பின்தங்கி நிற்கும். 22, 23 வயதில் அப்படி ஒருவர் கண்ணில் பட்டால் நான் தயங்காமல் விலை கேட்பேன்.

பந்துவீச்சாளர்களிடம் நான் இன்னும் கடுமையாக இருக்கிறேன். ஸ்டஃப் ரேட்டிங் (மட்டையாளரை ஏமாற்றும் பந்துகளின் வலிமை) கண்ணைப் பறிக்கும். ஆனால் கன்ட்ரோல் (குறி தவறாமல் வீசும் திறன்) இல்லாத ஸ்டஃப் பெரும்பாலும் கரைசேராது. 1960-இல் ஸ்டாக்டன் அணிக்காக ஸ்டீவ் டால்கோவ்ஸ்கி 170 இன்னிங்ஸில் 262 ஸ்ட்ரைக்அவுட்கள் எடுத்து, 262 வாக்-களும் கொடுத்தார். அவர் மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசியதில்லை. 1952 மே 13 அன்று, அன்றைய ஆகக் கீழ்நிலையான கிளாஸ் டி-யில், பிரிஸ்டல் அணிக்காக ஒரே ஆட்டத்தில் 27 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்த ரான் நெச்சாய், அதே ஆண்டு பிட்ஸ்பர்க்குக்கு வந்து 1 வெற்றி, 6 தோல்வி, 7.08 இ.ஆர்.ஏ. என்று முடித்தார். விதிவிலக்கு உண்டு. நோலன் ரயன் 1966-இல் கிரீன்வில்லில் 183 இன்னிங்ஸில் 272 ஸ்ட்ரைக்அவுட்கள் எடுத்தார், வாக்-களையும் தாராளமாகக் கொடுத்தார், அப்படியே ஆடி ஹால் ஆஃப் ஃபேமுக்கும் போனார். ஆனால் அவருக்கு அப்போது 19 வயது. கன்ட்ரோல் வளர அவகாசம் இருக்கும் வயதில்தான் அந்தச் சூதாட்டத்துக்கு அர்த்தம் இருக்கிறது. 24 வயதுக்காரரிடம் நான் அதை ஆடமாட்டேன். அதோடு, மூன்று வகைப் பந்துகளாவது தேறாதவரைத் தொடக்கப் பந்துவீச்சாளராகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் லீக்கைப் பின்னோக்கி நகர்த்தினால் வயது விதி தளர்ந்துவிடும். 1920-களில் மைனர் லீக் அணிகள் பெரும்பாலும் சொந்த முதலாளிகளுடையவை. நல்ல வீரரை விற்காமல் வைத்துக்கொள்வது அவர்களுக்கு லாபமாக இருந்தது. பால்டிமோர் அணியின் முதலாளி ஜாக் டன், பந்துவீச்சாளர் லெஃப்டி குரோவை ஆண்டுக்கணக்கில் விடாமல் வைத்திருந்தார். குரோவ் 1925-இல் 25 வயதில் மேஜர் லீக்குக்கு வந்து, முதல் பருவத்திலேயே ஸ்ட்ரைக்அவுட்டில் முதலிடம் பிடித்தார். இறுதியில் 300 வெற்றிகள். அந்தக் காலத்து லீக்கில் 25 வயது மைனர் லீக் வீரரைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது. 1949-இல் 59 மைனர் லீக்குகள் இருந்தன. அவற்றின் கிளாஸ் டி அணிகளில் எடுத்த எண்களுக்கு நான் ஏறத்தாழ மதிப்பே கொடுப்பதில்லை. 1987-இல் இந்தச் சிக்கல்கள் உங்களுக்கு இல்லை.

ஸ்கவுட் (வீரர்களின் திறனை எடைபோடும் பணியாளர்) தரும் 20 முதல் 80 வரையிலான ரேட்டிங் ஒரு மதிப்பீடு மட்டுமே. உங்கள் ஸ்கவுட் சொல்வதையும் விளையாட்டின் பொது ஸ்கவுட் அமைப்பு சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வெகுவாக வேறுபட்டால், அங்கே புள்ளிவிவரம்தான் நடுவர். ரேட்டிங் எந்த லீக்கை அளவுகோலாகக் கொண்டு காட்டப்படுகிறது என்பதையும் பாருங்கள். சிங்கிள்-ஏ அளவுகோலில் 60 என்பது மேஜர் லீக் அளவுகோலில் மிகவும் தாழ்ந்துவிடும். இருவர் சமமாக இருந்தால், உழைப்புக் குணம் உயர்ந்தவரையே நான் எடுப்பேன்.

இப்போது உங்கள் இருவருக்கு வருகிறேன். ஷார்ட்ஸ்டாப்பை வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய களத்தடுப்பு நன்றாக இருந்து, வாக் எண்ணிக்கையும் தேறினால், .255-ஐப் பற்றி இந்த ஆண்டு கவலைப்படவே வேண்டாம். மட்டை முழுதாக வளராவிட்டாலும் இரண்டாவது பேஸுக்கோ மூன்றாவது பேஸுக்கோ நகர்த்த வழி இருக்கிறது. முதல் பேஸ் வீரருக்கு நகர வேறு இடமில்லை, வளர வயதும் இல்லை. வெளியூர் மைதானங்களில் அவர் அடித்த எண்களைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். அவை பாதியாகக் குறைந்திருந்தால், வீரர் பரிமாற்றக் கெடுவான ஜூலை 31-க்குள் அவரை விலைக்கு விட்டு, 20, 21 வயதில் டபுள்-ஏ நிலையில் ஆடும், கன்ட்ரோல் உள்ள பந்துவீச்சாளர் ஒருவரைக் கேளுங்கள். அந்தப் பந்துவீச்சாளரின் இ.ஆர்.ஏ. இப்போது 5-க்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது, மலிவாகக் கிடைப்பார்.