ரயில் ஏன் நின்றது? மாதிரி ரயில் பாதையில் மின்கோளாறு: கேள்வி-பதில்

கேள்வி: சாப்பாட்டு மேசை அளவுக்கு 9 மி.மீ. தண்டவாளத்தில் நீள்வட்டப் பாதை போட்டிருக்கிறேன். கன்ட்ரோலர் (ரயிலுக்கு மின்சாரம் கொடுத்து வேகத்தை மாற்றும் பெட்டி) இருக்கும் பக்கம் ரயில் நன்றாக ஓடுகிறது, எதிர்ப்பக்கம் போனால் தவழ்கிறது. மல்டிமீட்டரில் பார்த்தால் இரண்டு பக்கமும் 12 வோல்ட்தான். என்னதான் கோளாறு? (ஈசூன்)

பதில்: ரயிலைத் தூக்கி வைத்துவிட்டு அளந்திருப்பீர்கள். மின்சாரம் ஓடாதபோது எந்த மோசமான இணைப்பும் நல்ல இணைப்பு போலத்தான் காட்டும். கார் கடையில் 12 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்று வாங்கி, எதிர்ப்பக்கத்தில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே இணைத்து, கன்ட்ரோலரை முழு வேகத்தில் வையுங்கள். பல்பு சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும். இப்போது அளந்தால் உண்மை தெரிந்துவிடும். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஜாயினர்களின் தடை எல்லாம் சேர்ந்து 5 ஓம் இருந்தாலே 2 வோல்ட் வழியில் போய்விடும்.

எந்த ஜாயினர் என்று கண்டுபிடிக்க, பல்பு எரியும்போதே மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரே தண்டவாளத்தில், இணைப்புக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக வையுங்கள். நல்ல இணைப்பில் கிட்டத்தட்ட பூஜ்யம் வரும். அரை வோல்ட் காட்டினால் குற்றவாளி அதுதான். அதைக் கழற்றி இறுக்குங்கள், தளர்ந்து போயிருந்தால் மாற்றிவிடுங்கள்.

அப்புறம், எதிர்ப்பக்கத்திலும் ஒரு ஜோடி ஃபீடர் வயர் (கன்ட்ரோலரிலிருந்து தண்டவாளத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் வயர்) கொடுங்கள். உள்தண்டவாள வயர் உள்தண்டவாளத்துக்கே போக வேண்டும், மாறினால் ஷார்ட் சர்க்யூட். நம் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலிலும் இதேதான் நடக்கிறது. வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்குப் பாதைகளில் மூன்றாம் தண்டவாளத்தில் 750 வோல்ட் நேர்மின்சாரம் ஓடுகிறது. அதை ஒரே முனையிலிருந்து ஊட்டினால் தூரத்து ரயிலுக்குப் போய்ச் சேராது என்பதால்தான் வழிநெடுகத் துணை மின்நிலையங்கள் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: தோக்கியோ போனபோது மகனுக்கு ரயில் செட் வாங்கி வந்தோம். பிளக் அடாப்டர் போட்டுச் சொருகியதும் கன்ட்ரோலரிலிருந்து கருகிய வாசம் வந்தது. ரயிலும் போய்விட்டதா? (செங்காங்)

பதில்: மகன் பக்கத்தில் இருந்திருப்பான், யாருக்கும் ஒன்றும் ஆகாததே பெரிய நிம்மதி. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. பிளக் அடாப்டர் ஊசியின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டைத் தொடாது. அந்த கன்ட்ரோலரைத் திறக்கவும் வேண்டாம், மறுபடி சொருகிப் பார்க்கவும் வேண்டாம். ரயில் பெரும்பாலும் தப்பியிருக்கும். நண்பரின் கன்ட்ரோலரில் மெதுவான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

இனி எதை வாங்கினாலும் முதலில் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். ‘100-240’ என்று இருந்தால் கவலையில்லை. ‘100’ மட்டும் இருந்தால் 230-ஐ 100 ஆக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். தனி அடாப்டருடன் வரும் கன்ட்ரோலர் என்றால் வேலை சுலபம். அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர், அதே துருவம் கொண்ட உள்ளூர் அடாப்டர் போதும். பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பழைய தஞ்சோங் பகார் நிலையத்தைக் கட்டி வருகிறேன். வந்த ரயில் திரும்பிப் போக வேண்டுமே என்று பாதையின் கடைசியில் ஒரு வளையம் சேர்த்தேன். ரயிலே வைக்கவில்லை, அதற்குள் கன்ட்ரோலரில் ஷார்ட் விளக்கு எரிகிறது. (பிடோக்)

பதில்: 1932இல் திறந்த நிலையம். 2011 ஜூன் 30 இரவு ஜொகூர் சுல்தான் கடைசி ரயிலை ஓட்டிச் சென்றபோது கூட்டத்தோடு நானும் நின்றிருந்தேன். நீங்கள் அதைக் கட்டுவது மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

சரி, வளையத்துக்கு வருவோம். இடது தண்டவாளத்தில் விரலை வைத்து அப்படியே வளையத்தைச் சுற்றி வாருங்கள். திரும்பி வரும்போது விரல் வலது தண்டவாளத்தில் வந்து நிற்கும். பாதையின் அமைப்பே ஷார்ட், எதுவும் பழுதாகவில்லை.

வளையத்தின் இரண்டு முனையிலும் இரண்டு தண்டவாளங்களையும் பிளாஸ்டிக் ஜாயினரால் பிரியுங்கள். மொத்தம் நாலு இடம். ஒன்றை விட்டாலும் பயனில்லை. வளையத்துக்கு கன்ட்ரோலரிலிருந்து நேராக வயர் கொடுங்கள். பிரதான பாதைக்கு மின்சாரத்தின் திசையை மாற்றும் ஸ்விட்ச் வழியாகக் கொடுங்கள். ரயில் முழுவதும் வளையத்துக்குள் வந்ததும் பாயின்ட்டையும் (பாதை பிரியும் இடத்தில் ரயிலைத் திருப்பிவிடும் தண்டவாள அமைப்பு) ஸ்விட்சையும் மாற்றிவிட்டால் தடங்கலின்றி வெளியே வரும். அதனால் வளையம் உங்கள் மிக நீளமான ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும். டிசிசி (டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறை) என்றால் தானியங்கி திசைமாற்றி ஒன்று வாங்கிப் பொருத்துங்கள், அதுவே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: வாரம் ஒருமுறை துடைத்தும் தண்டவாளம் கறுத்து, ரயில் வெட்டி வெட்டி ஓடுகிறது. உப்புத்தாள் போடலாமா? (உட்லண்ட்ஸ்)

பதில்: வேண்டவே வேண்டாம். உப்புத்தாள் போடும் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு குடியேறும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடையுங்கள், சன்னலைத் திறந்து வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு. எஞ்சின் சக்கரங்களையும் துடையுங்கள். சக்கரத்தை விட்டுவிட்டால் பத்துச் சுற்றில் தண்டவாளம் பழையபடி ஆகிவிடும். பாதை சமையலறைக்குப் பக்கமா? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் தாளிக்கும் எண்ணெய்ப் புகையும் சாம்பிராணிப் புகையும் கூடம் வரை வந்து படியும். ஓட்டாத நேரத்தில் ஒரு பழைய போர்வையைப் போர்த்தி வையுங்கள்.

கேள்வி: சின்ன எஞ்சின் மட்டும் பாயின்ட்டின் நடுவில் நிற்கிறது. நீளமான எஞ்சின் நிற்பதில்லை. (ஜூரோங்)

பதில்: இரண்டு தண்டவாளங்களும் குறுக்கிடும் அந்த ஆப்பு வடிவத் துண்டு உங்கள் பாயின்ட்டில் பிளாஸ்டிக்காக இருக்கும். அங்கே மின்சாரம் இல்லை. நீள எஞ்சினின் மற்ற சக்கரங்கள் வெளியே மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கும், குட்டி எஞ்சினுக்கு அது முடியாது. முதலில் சக்கரங்களையும், நகரும் நாக்குத் தண்டவாளம் தொடும் இடத்தையும் துடைத்துப் பாருங்கள். அப்படியும் நின்றால், அந்தத் துண்டு உலோகமாக உள்ள பாயின்ட்டை வாங்கி, பாயின்ட்டோடு சேர்ந்து மாறும் ஸ்விட்ச் வழியாக அதற்கு மின்சாரம் கொடுங்கள்.